சுகாதார உத்தரவுக்குக் காரணம் கேட்கலாமா?

தோட்டத்து டிஸ்பென்சரியிலும் சரி, டவுன் ஆஸ்பத்திரியிலும் சரி, நாம் அடிக்கடி கேட்கிற பேச்சு ஒன்று உண்டு: "இது மேலேயிருந்து வந்த ஓடர்." அம்புலன்ஸ் ஏன் வரவில்லை, மிட்வைப் அம்மாவை ஏன் இரண்டு மாசமாக லயத்துப் பக்கம் காணோம், கிளினிக் நாளை ஏன் மாற்றினார்கள் என்று யாராவது வாய் திறந்தால் இந்த ஒரு பதிலோடு கதை முடிந்துவிடும். நாமும் "நமக்கெதுக்குங்க வம்பு" என்று திரும்பி வந்துவிடுவோம். மேலே என்றால் எங்கே? அங்கே இருப்பவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்? இந்த மாதப் பாடம் அதைப் பற்றியது. பாடத்துக்கு எடுத்துக்கொண்ட உதாரணம் தோட்டத்தில் நடந்தது அல்ல, கடற்கரையில் எழுந்தது. ஆனாலும் அதில் நம் பெயரும் சேர்ந்திருக்கிறது.

மொனராகலைப் பக்கத்திலிருந்து சியம்பலாண்டுவ வழியாகக் கிழக்கே இறங்கினால் கடல் கண்ணில் படுகிற ஊர் பொத்துவில். அம்பாறை மாவட்டம். அங்கிருந்து வடக்கே திருக்கோவில், அக்கரைப்பற்று, நிந்தவூர், சாய்ந்தமருது, கல்முனை என்று கரையோரமாக ஊர்கள் போகும். தமிழ் பேசும் முஸ்லிம்கள் பெருந்தொகையாக வாழும் கரை அது. இடையிடையே தமிழர் ஊர்களும் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறைதான். பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் போனார்கள். செத்தவர்களைக் கூட்டங்கூட்டமாக மண்ணில் வைத்த வேதனை அந்தச் சனத்துக்கு உண்டு.

2020இல் கொரோனா வந்தது. அந்த வருஷம் ஏப்ரல் 11ஆம் திகதி அரசாங்கம் வர்த்தமானி ஒன்றை வெளியிட்டது. கொரோனாவால் இறந்தவர் எந்தச் சமயத்தவராக இருந்தாலும் உடலை எரிக்க வேண்டும் என்பதே உத்தரவு. முஸ்லிம்களுக்கு எரிப்பது மார்க்கத்தில் விலக்கப்பட்டது. குளிப்பாட்டி, கபன் துணி போர்த்தி, தொழுகை நடத்தி, மையவாடியில் அடக்கம் செய்வது அவர்களுடைய கடமை. கிறிஸ்தவர்களில் பலருக்கும் அடக்கமே முறை. நம் தோட்டங்களிலும் எத்தனையோ குடும்பங்கள் புதைக்கத்தானே செய்கிறோம்?

புதைத்தால் நிலத்தடித் தண்ணீர் கெடும், கிருமி பரவும் என்றார்கள். உலக சுகாதார நிறுவனமோ அதற்கு முன்பே, 2020 மார்ச்சில், அடக்கமும் செய்யலாம், தகனமும் செய்யலாம் என்று வழிகாட்டியிருந்தது. நோயைக் கண்டு பயந்த முதல் நாட்களில் தப்பான முடிவு எடுப்பது மனிதருக்கு வரக்கூடியதுதான். அதை நாம் பெரிய குற்றமாகச் சொல்லமாட்டோம். காரணம் கேட்ட பிறகும் பத்து மாசத்துக்கு மேல் அந்த முடிவைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான் குற்றம். உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2020 டிசம்பர் 1ஆம் திகதி, காரணம் எதுவும் சொல்லாமல், பெரும்பான்மை முடிவாக மனுக்கள் தள்ளப்பட்டன. உறவினர் பொறுப்பெடுக்காத உடல்களையும் எரிக்கலாம் என்று சட்டமா அதிபர் அதே மாசம் கருத்துச் சொன்னார். பிறந்து இருபதே நாளான ஒரு முஸ்லிம் குழந்தை, பெற்றவர்கள் சம்மதிக்காத நிலையிலும் எரிக்கப்பட்டது. கொழும்பில் பொரளை மயான வேலியில் எல்லா இனத்தவரும் வெள்ளைத் துணி கட்டத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த டிசம்பர் முடிவிலும் அடுத்த ஜனவரியிலும் இலங்கை மருத்துவச் சங்கம் போன்ற வைத்தியர் அமைப்புகளே, பாதுகாப்பாக அடக்கம் செய்யலாம், ஆபத்து என்பதற்கு ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டன. ஆகவே கேள்வி கேட்டவர்கள் விஞ்ஞானத்துக்கு எதிரானவர்கள் அல்ல. ஊசி போடமாட்டேன் என்று அடம்பிடிப்பது வேறு, "எந்த ஆய்வை வைத்து இப்படிச் சொல்றீங்க, அதைக் காட்டுங்க" என்று கேட்பது வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறவர்கள் நம் பக்கத்திலும் இருக்கிறார்கள்.

2021 பெப்ரவரி 3ஆம் திகதி பொத்துவிலில் ஒரு நடைபவனி தொடங்கியது. பொலிஸ் தடுத்தது, பல இடங்களில் நீதிமன்றத் தடை வாங்கப்பட்டது. அப்படியும் அது கல்முனை, மட்டக்களப்பு, திருகோணமலை என்று வடக்கே போய் 7ஆம் திகதி யாழ்ப்பாணத்துப் பொலிகண்டியில் முடிந்தது. வடக்கு கிழக்குத் தமிழரின் காணி, காணாமற் போனோர் பற்றிய கோரிக்கைகளோடு, முஸ்லிம்களின் ஜனாஸாவை எரிக்காதே என்ற கோரிக்கையும் அதில் இருந்தது. தோட்டத் தொழிலாளருக்கு நாள் சம்பளம் 1,000 ரூபா கொடு என்ற நம் கோரிக்கையும் இருந்தது. நமக்காக எங்கேயோ கடற்கரைச் சனம் மழையில் நடந்ததை நம்மில் எத்தனை பேர் அறிந்தோம்?

பெப்ரவரி 25ஆம் திகதி புது வர்த்தமானி வந்தது, அடக்கம் செய்யலாம் என்று. முதலில் கிளிநொச்சிக் கடலில் உள்ள இரணைதீவைக் காட்டினார்கள். அங்கே வாழும் மீனவக் குடும்பங்கள் மறுத்தன. பிறகு மட்டக்களப்பு மாவட்டத்தில் ஓட்டமாவடிப் பக்கம் ஓர் இடம் ஒதுக்கி, மார்ச் 5ஆம் திகதி அடக்கம் தொடங்கியது. ஒரு வருஷத்துக்கு நாடு முழுவதற்கும் அந்த ஒரே இடம். பொத்துவிலில் இறந்தவரையும் மட்டக்களப்பைத் தாண்டிக் கொண்டுபோக வேண்டும். மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அங்கே அடங்கியிருக்கிறார்கள். சொந்த ஊரில் அடக்கம் செய்யும் அனுமதி 2022 மார்ச்சில்தான் கிடைத்தது.

2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. 276 முஸ்லிம்கள் எரிக்கப்பட்டதாக அப்போது சொல்லப்பட்டது. அடக்கத்தால் தண்ணீருக்கு ஆபத்து இல்லை என்று காட்டிய ஆய்வு, நீர்வழங்கல் மற்றும் தோட்ட உட்கட்டமைப்பு அமைச்சின் கீழ் நடந்தது. அப்போது அந்த அமைச்சர் நம் மலையகத்து ஜீவன் தொண்டமான். மன்னிப்பு நல்லதுதான். ஆனால் எரித்த சாம்பலை யாரும் திருப்பிக் கொடுக்க முடியாது. அந்த ஆய்வை நான்கு வருஷத்துக்கு முன்பே செய்து காட்டியிருக்கக் கூடாதா?

இனி நம் வாசலுக்கு வருவோம். பொத்துவில் இருப்பது அம்பாறை மாவட்டம். ஆனால் அந்த ஊர் ஆஸ்பத்திரிக் குறையை எழுத வேண்டிய இடம் அம்பாறை அல்ல, கல்முனைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனை. ஒரே மாவட்டத்தில் இரண்டு பணிமனை. இது தெரியாமல் தப்பான இடத்துக்கு எழுதினால் கடிதம் சும்மா கிடக்கும். தோட்டத்திலும் அதே கதைதான். டிஸ்பென்சரி ஐயாவுக்குச் சம்பளம் கொடுப்பது கம்பனி. பிள்ளைகளுக்கு ஊசி, கர்ப்பிணிகள் கிளினிக், மிட்வைப், தண்ணீர்ப் பரிசோதனை இவையெல்லாம் அரசாங்கத்தின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையைச் சேர்ந்தவை. குப்பைக்கும் பாதைக்கும் பிரதேச சபை. தோட்டத்துக்குள் பிரதேச சபை செலவழிக்க இருந்த சட்டத் தடை 2018இல் திருத்தப்பட்டது. ஆகவே "தோட்டம் எங்க பொறுப்பில்லை" என்று இனி அவர்கள் சொல்ல இடமில்லை. மருந்துக் குறைக்குத் துரையிடம் போகலாம். மிட்வைப் வராததற்குத் துரையிடம் போய்ப் பயனில்லை.

கேட்பதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம். குடிமக்கள் எவரும் அரசாங்கப் பணிமனைகளில் தகவல் கேட்கலாம். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 2003 சட்டம் வரை அதற்காக அலைந்தவர்கள் நாம். அந்தச் சொல்லின் விலை நமக்குத் தெரியும். ஒவ்வொரு பணிமனையிலும் தகவல் அலுவலர் ஒருவர் இருப்பார். தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். எழுத முடியாத பாட்டி வாயால் சொன்னாலும் அதை எழுதிக்கொள்வது அவர் கடமை. எதற்குக் கேட்கிறாய் என்று கேட்க அவருக்கு உரிமையில்லை. தகவல் தரலாமா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். உயிர் சம்பந்தமான தகவல் என்றால் 48 மணித்தியாலம். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே பணிமனையின் மேல் அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்குப் பிறகு கொழும்பில் உள்ள தகவலுக்கான உரிமை ஆணைக்குழு.

ஒரு விஷயம்: "ஏன் எங்களைக் கவனிக்கவில்லை?" என்று எழுதாதீர்கள். அதற்கு மழுப்பலான பதில்தான் வரும். பதிவேட்டில் உள்ளதைக் கேளுங்கள். எங்கள் தோட்டம் எந்த மிட்வைப் பிரிவில் இருக்கிறது? அனுமதிக்கப்பட்ட பதவி எத்தனை, நிரப்பப்பட்டது எத்தனை? கடந்த 12 மாசத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எங்கள் லயத்துக்கு வந்த திகதிகள் என்ன? எங்கள் பீலித் தண்ணீரைக் கடைசியாகப் பரிசோதித்த அறிக்கையின் பிரதி வேண்டும். கிளினிக்கை மாற்றினால், மாற்றச் சொன்ன கடிதத்தின் பிரதி வேண்டும். "மேலேயிருந்து வந்தது" என்றால் அந்தக் கடிதத்தில் கையெழுத்து ஒன்று இருக்கும், திகதியும் இருக்கும்.

இந்தத் தகவலால் மட்டும் மிட்வைப் வந்துவிடமாட்டார். பதவி இரண்டு வருஷமாகக் காலி என்று தாளில் வந்தால், அதைக் கொண்டு மாதர் சங்கமும் தொழிற்சங்கமும் மாகாண சுகாதாரத் திணைக்களத்திடம் பேசலாம். மனுவை ஒருவர் பெயரில் கொடுத்தாலும் நாலு பேராகச் சேர்ந்து போங்கள். கொடுத்தவுடன் ஏற்றுக்கொண்டதற்கான பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள், தபாலில் என்றால் பதிவுத் தபால் துண்டை வைத்திருங்கள். நாள் எண்ணுவது அந்தச் சீட்டில் உள்ள திகதியிலிருந்துதான்.