வீட்டு முகப்பு: பணம் கொடுக்கும் முன் அக்கா சொல்வதைக் கேள்

சாவி கைக்கு வந்ததும் முகப்பை மாற்றத்தான் கை துறுதுறுக்கும், தங்கச்சி. ஜொகூர் பாரு தம்போயில் ஏதாவது ஒரு தேரஸ் வரிசையைப் பார்: ஒரு வீட்டில் ரோமானியத் தூண், பக்கத்து வீட்டில் கல் ஒட்டிய சுவர். அலங்காரம் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஜொகூர் மழைக்கும் வெயிலுக்கும் அது ஏதாவது செய்கிறதா என்று பார்த்துப் பணத்தைக் கொடு.

முதலில் ஜன்னல் மேல் நீட்டியிருக்கும் சன்ஷேட். அதன் அடிப்பக்கத்தில், முன் ஓரத்தை ஒட்டி, சுண்டுவிரல் நுனி பதியும் அளவுக்கு நீளமாக ஒரு காடி இழுக்கச் சொல். காடி இல்லையென்றால் மழைத்தண்ணீர் சொட்டாமல் அடிப்பக்கமாகவே ஊர்ந்து சுவருக்கு வந்துவிடும். புதுச் சாயத்தில் கறுப்புக் கறை இறங்குவது பெரும்பாலும் இப்படித்தான். சாயம் அடிப்பவர் அந்தக் காடியைப் பட்டி போட்டு அடைத்துவிடாமல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்.

பழைய வீடாக இருந்தால் ஓட்டை போட்ட சிமெண்டுக் கல் இருக்கும். ஏர்கோன் மாட்டும் சாக்கில் எல்லாவற்றையும் பூசி மூடிவிடாதே. தேரஸ் வரிசையின் நடு வீட்டுக்கு முன்னும் பின்னும் மட்டும்தானே காற்று வழி? கொசு வருகிறதென்றால் உள்பக்கம் வலை அடித்தால் போதும்.

ஒட்டுக்கல் வேண்டுமானால் கூரை நிழலில், மழைச்சாரல் படாத சுவரில் மட்டும் ஒட்டு. சாரல் படும் இடத்தில் இடுக்கெல்லாம் பாசி. கேட் தூண் உச்சியைத் தட்டையாக விடாமல் சரிவாகப் பூசச் சொல்; கிண்ணம் போன்ற பூவேலை வேண்டவே வேண்டாம். தேங்கிய தண்ணீரில் ஏடிஸ் கொசு வளர ஏழெட்டு நாள் போதும்.

ஜொகூர் பாரு ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயிலைப் பார்த்துவிட்டு, தூணில் கண்ணாடித் துண்டு பதிக்க ஆசைப்படுகிறவர்கள் உண்டு. அங்கே சுமார் 3 லட்சம் துண்டுகள். துடைத்துப் பராமரிக்க ஆள் உண்டு. உன் தூணைத் துடைக்கப் போவது நீதான். எதிர்வெயிலில் கார் ஓட்டி வருபவர் கண்ணும் கூசும்.

கார் நிறுத்துமிடத்துக்குப் புதுக் கூரை போடுவதென்றால் முன்பணம் கொடுக்கும் முன்பே மாநகர் மன்றத்தில் விசாரித்துவிடு. 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி அனுமதி கேட்க வேண்டியிருக்கும். குத்தகையாளர் 'எல்லாரும் சும்மாதான் போடுகிறார்கள்' என்பார். அபராதம் வந்தால் கட்டப்போவது அவரில்லை.