இந்திய எழுத்துகளும் கணிப்பொறி அச்சும்

கணிப்பொறி நொடியில் முடிக்கும் கணக்கும் தாளில் பதிந்த பின்னரே அலுவலகக் கோப்பில் சேரும். அந்தத் தாள் எந்த மொழியில் அமையும் என்பதை நம் நாட்டில் நெடுங்காலம் முடிவு செய்தது மொழிக் கொள்கை மட்டுமன்று, அச்சுப்பொறியின் அமைப்பும்தான்.

1959-இல் ஐ.பி.எம். 1401 கணிப்பொறியுடன் அறிமுகமான 1403 அச்சுப்பொறியில், உலோக எழுத்துகள் கோத்த சங்கிலி ஒன்று தாளின் குறுக்கே இடைவிடாது ஓடும். வேண்டிய எழுத்து உரிய இடத்துக்கு வரும் கணத்தில் தாளின் பின்னிருந்து சிறு சுத்தியல் தட்டும். மை நாடாவின் வழியே எழுத்து பதியும். சங்கிலியில் 240 இடங்கள். 48 குறிகள் கொண்ட தொகுதி அதில் ஐந்து முறை அமைந்திருந்ததால் எந்த எழுத்தும் விரைவில் வந்து சேர்ந்தது. நிமிடத்துக்கு 600 வரிகள் அச்சாயின. குறிகளைப் பெருக்கினால் ஒவ்வொன்றும் திரும்பி வரத் தாமதமாகும், வேகம் விழும். தேவநாகரியின் கூட்டெழுத்துகளும் தமிழின் உயிர்மெய் வடிவங்களும் இந்தக் கணக்குக்குள் எளிதில் அடங்குபவை அல்ல. ஊதியப் பட்டியல் ஆங்கிலப் பேரெழுத்தில் வந்ததில் வியப்பில்லை.

'டாட் மேட்ரிக்ஸ்' பொறியில் வார்த்த எழுத்தே கிடையாது. அச்சுத்தலையில் செங்குத்தாக அடுக்கிய மெல்லிய ஊசிகளை மின்காந்தங்கள் இயக்குகின்றன. தலை நகர நகர, அவை நாடாவைக் குத்திப் புள்ளிகளால் எழுத்தை வரைகின்றன. எழுத்தின் வடிவம் உலோகத்தில் அன்றி நினைவகத்தில் இருப்பதால், அதை மாற்றினால் மொழியும் மாறும். ஆயினும் 9 ஊசிகள் ஆங்கிலத்துக்குப் போதுமேயன்றி, மேற்குறி, தலைக்கோடு, கீழ்க்குறி என அடுக்கடுக்காக அமையும் எழுத்துக்குப் போதா. ஒரே வரியின் மீது தலை மீண்டும் ஓட நேர்ந்தது. 24 ஊசித் தலைகள் வந்தபின் இத்தொல்லை குறைந்தது.

வடிவத்தை வரைவது ஒரு பாதி; எழுத்தைக் கணிப்பொறிக்கு உணர்த்துவது மறு பாதி. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தொடங்கிய ஆய்வு, புணேயின் சி-டாக் நிறுவனம் வழங்கிய 'ஜிஸ்ட்' அட்டையாக உருப்பெற்றது. 1991-இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் 'இஸ்கி' குறியீட்டைத் தரமாக்கியது. இந்திய மொழிகளில் இணையான எழுத்துகளுக்கு ஒரே எண் தரப்பட்டது. கூட்டு வடிவங்களை அமைப்பது மென்பொருளின் பொறுப்பாயிற்று.

1984-இல் வெளிவந்த ஹியூலெட்-பேக்கார்ட் 'லேசர்ஜெட்' அங்குலத்துக்கு 300 புள்ளிகள் இட்டது. லேசர் ஒளி, மின்னேற்றம் பெற்ற உருளையில் பக்கம் முழுவதையும் வரைகிறது. அதில் ஒட்டும் மைத்தூள் தாளுக்கு மாறி, வெப்பத்தால் உருகிப் படிகிறது. இம்முறையில் எம்மொழி எழுத்தும் ஒன்றுதான். ஆனால் லேசர் பொறி தாளைக் குத்துவதில்லை. எனவே கார்பன் படி எடுக்க இயலாது. பல படிகள் வேண்டும் ரசீதுகளுக்கும், தைத்த வங்கிக் கணக்குப் புத்தகங்களுக்கும் ஊசிப் பொறியே இன்றும் ஒலித்துக்கொண்டிருக்கிறது.