தடுப்பூசித் தொழிலில் இறங்கும் ஆரணிப் பிள்ளைகளுக்கு

நம் ஊர் நெசவு வீட்டுப் பிள்ளைகளில் சிலர் உயிரித் தொழில்நுட்பம் படிக்கிறீர்கள். சொந்தமாகத் தடுப்பூசி ஆலை தொடங்கி உலகத்துக்கே அனுப்ப வேண்டும் என்கிற ஆசையும் உங்களுக்கு உண்டு. நல்ல ஆசை. வயதில் மூத்தவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

1. சின்ன ஊர் என்று தயங்காதீர்கள். தடுப்பூசி தயாரிக்கும் பாரத் பயோடெக்கின் கிருஷ்ணா எல்லா திருத்தணியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பி, 1996-இல் மனைவி சுசித்ராவோடு ஹைதராபாத்தில் நிறுவனத்தைத் தொடங்கினார்.

2. யாருக்காக உழைக்கிறோம் என்பதை மறக்காதீர்கள். பட்டுச் சேலையை விரித்துப் பார்த்தால் அறுந்த இழை தெரியும். பிடிக்காவிட்டால் வாங்காமல் போய்விடலாம். பிள்ளையை மடியில் வைத்திருக்கும் தாய்க்கு மருந்துக் குப்பிக்குள் இருக்கும் குறை தெரியாது. அவளுக்காக நீங்கள்தான் பார்க்க வேண்டும். அந்தந்த வேலையை முடித்த கையோடு பதிவேட்டில் எழுதிவிடுங்கள். சந்தேகம் வந்த பேட்ச்சை வெளியே விடாதீர்கள்.

3. பழம்பெருமையை நம்பாதீர்கள். தடுப்பூசி தயாரிக்கும் குன்னூர் பாஸ்டர் நிலையம் 1907-இல் தொடங்கியது. அப்படிப்பட்ட நிலையத்துக்கும் கிண்டி பிசிஜி ஆய்வகத்துக்கும்கூட, உற்பத்தி நெறிமுறைகள் சரியில்லை என்று 2008-இல் உரிமம் நிறுத்திவைக்கப்பட்டது. 2010-இல்தான் அது திரும்பக் கிடைத்தது. ஆலையின் காற்றும் தண்ணீரும் சுத்தமாக இருப்பதற்கான செலவை முதல் செலவாக வையுங்கள்.

4. அவசரப்படாதீர்கள். குழந்தைகளின் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டாவேக்கின் மூல வைரஸ் 1980-களில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் பிறந்த சிசுக்களிடம் கண்டறியப்பட்டது. டெல்லி, புனே, நம் பக்கத்து வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதித்தார்கள். 2016-இல் அரசின் தடுப்பூசித் திட்டத்தில் ரோட்டாவேக் சேர்ந்தது. 2018-இல்தான் உலக சுகாதார நிறுவனத்தின் முன்தகுதிச் சான்று கிடைத்தது. முப்பது ஆண்டு உழைப்பு அது.

5. அந்தச் சான்றுதான் வெளிநாட்டு வாசல். யுனிசெஃப் போன்ற அமைப்புகள் அதைப் பார்த்துத்தான் வாங்கும். தடுப்பூசியைச் சோதிப்பதோடு, ஆலைக்கும் ஆய்வாளர்கள் வருவார்கள். பாரத் பயோடெக்கின் டைபாய்டு தடுப்பூசி 2017 கடைசியில் சான்று பெற்றது. இரண்டே ஆண்டில் பாகிஸ்தான் தன் குழந்தைகளுக்கான வழக்கமான தடுப்பூசித் திட்டத்தில் டைபாய்டு தடுப்பூசியைச் சேர்த்தபோது போட்டது இதைத்தான். தரம் இருந்தால் எல்லையும் தடையில்லை.

6. ஏழை நாட்டுக்குக் கட்டுப்படியாகிற விலை வையுங்கள். ஆப்பிரிக்காவின் மூளைக்காய்ச்சலுக்குப் புனே சீரம் நிறுவனம் மென்ஆஃப்ரிவேக் தயாரித்தது. அப்போது டோஸ் விலை அரை டாலருக்கும் கீழ். 2010 டிசம்பரில் புர்கினா ஃபாஸோவில் போடத் தொடங்கி, கோடிக்கணக்கானோருக்குப் போய்ச் சேர்ந்தது. குறைந்த விலையில் நிறையக் கொடுப்பதுதான் இந்தியத் தடுப்பூசியின் பலம்.

7. கடைசி மைல் வரை கூடவே போங்கள். பெரும்பாலான தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். குப்பியில் ஒட்டியிருக்கும் சிறு வட்டத்தைப் பாருங்கள். அதன் நடுவில் வெளிறிய சதுரம் இருக்கும். சூடு பட்டுக்கொண்டே போனால் சதுரம் கறுக்கும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் மருந்தைப் போடக் கூடாது. கிராமத்துச் செவிலியர் ஒரே பார்வையில் முடிவெடுக்க உதவும் இந்த அடையாளத்தை மதியுங்கள்.

8. முடியாத வாக்குக் கொடுக்காதீர்கள். 2021-இல் கொரோனா இரண்டாம் அலையில் இந்தியா ஏற்றுமதியை நிறுத்தியபோது, நம் மருந்தை நம்பியிருந்த நாடுகள் தவித்தன. உள்நாட்டுக்கும் வெளிநாட்டுக்கும் சேர்த்து எவ்வளவு செய்ய முடியும் என்று முதலிலேயே கணக்குப் போடுங்கள்.

ஆலை கட்டக் கடன் கேட்டு வங்கிக்குப் போவதற்கு முன், நல்ல நிறுவனம் ஒன்றின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் சில ஆண்டுகள் வேலை பாருங்கள். அங்கே கற்றுக்கொள்வதுதான் உங்கள் முதல் முதலீடு.