லைசன் போனுக்குள் இருக்கலாமா?



போன மாதம் லொறி ஓட்டும் தம்பி ஒருவர் பெரட்டு நேரத்திலேயே ஆபீசுக்கு வந்து நின்றார். "ஐயா, நான் வாங்காத கடனைக் கட்டச் சொல்லி ஆள் மாத்தி ஆள் போன் பண்றாங்க" என்றார். மனுசன் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை.

விசாரித்துப் பார்த்தேன். லைசனின் இரண்டு பக்கமும், ஐடி கார்ட்டும் அவருடைய போனில் படமாக இருந்தன. டவுனில் போனைத் திருத்தக் கொடுத்தபோது பூட்டு இலக்கத்தையும் எழுதிக் கொடுத்திருந்தார். வட்ஸ்அப்பிலும் நாலைந்து பேருக்கு அனுப்பியிருந்தார். எந்த வழியாக வெளியே போனது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அட்டை தொலைந்தால் உடனே தெரியும். படம் களவு போனால் தெரியவே தெரியாது.

அந்த அட்டையில் என்ன இருக்கிறது?

பெயர், விலாசம், பிறந்த திகதி, முகம், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. அந்த இலக்கமும் சும்மா ஒரு எண் அல்ல. 1985 ஜனவரி 10இல் பிறந்த பெண்ணின் பழைய அட்டை இலக்கம் 85510 என்று தொடங்கும். 85 பிறந்த வருடம், 10 வருடத்தின் பத்தாவது நாள். பெண் என்பதற்காக 500 கூட்டப்படுகிறது. 2016இல் வந்த 12 இலக்க அட்டையில் வருடம் முழுதாக, 1985 என்றே இருக்கும். இலக்கம் தெரிந்தவனுக்கு உங்கள் வயதும் தெரியும்.

வெளிநாட்டில் போனிலேயே லைசன் வைத்திருக்கிறார்களே என்று பிள்ளைகள் கேட்கலாம். உண்மைதான். அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தில் 2018 முதல் அதற்கென்று அரசாங்கம் ஏற்றுக்கொண்ட செயலி இருக்கிறது. ஆனால் லைசனைக் காட்டப் போனை நீட்டினால், பொலிஸார் அதிலுள்ள வேறு எதையும் பார்க்க அது சம்மதம் ஆகாது என்று அங்கே சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நாம் கெமராவில் எடுத்து வைப்பது வெறும் படம். அது லைசனும் ஆகாது, அதற்குக் காவலும் கிடையாது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். விண்ணப்ப வேலைக்காக உங்களில் பலருடைய ஐடி கார்ட் படங்களை நானும் என் போனில் வாங்கி வைத்திருந்தேன். அந்தத் தம்பி வந்து போன அன்றிரவே எல்லாவற்றையும் அழித்தேன். இனிமேல் போட்டோ கொப்பியைக் கையில் கொண்டுவந்து தாருங்கள்.

செய்ய வேண்டியவை

1. வண்டி எடுக்கும்போது அட்டையையே கொண்டு போங்கள். பொலிஸார் கேட்டால் அட்டையைக் கொடுங்கள். பூட்டுத் திறந்த போனைக் கொடுக்க வேண்டாம்.

2. படம் அனுப்பியே ஆக வேண்டுமென்றால், கொப்பி எடுத்து அதன் குறுக்கே "இந்த வேலைக்கு மட்டும்" என்று வேலையின் பெயரும் திகதியும் எழுதி, அதைப் படமெடுத்து அனுப்புங்கள். குழுக்களில் போடவே வேண்டாம்.

3. வேலை முடிந்ததும் உங்கள் போனிலும், வாங்கியவர் போனிலும் அழிக்கச் சொல்லுங்கள். அழித்த படம் போனின் குப்பைக் கூடையில் கிடக்கும். அங்கேயும் அழிக்க வேண்டும்.

4. போன் திருத்தக் கொடுக்குமுன் சிம்மையும் மெமரி கார்ட்டையும் கழற்றுங்கள். போனுக்குள் இருக்கும் அட்டைப் படங்களை முதலிலேயே அழித்து விடுங்கள்.

5. தெரியாத கடன், தெரியாத சிம் என்று யாராவது பேசினால் பயந்து பணம் கட்டாதீர்கள். பொலிஸில் முறைப்பாடு செய்து அதன் பிரதியை வாங்குங்கள். 101க்கு அழைத்து ஸ்ரீலங்கா சேர்ட் நிறுவனத்திடமும் சொல்லலாம்.

அந்தத் தம்பியும் முறைப்பாடு செய்திருக்கிறார். பிரச்சினை இன்னும் முடியவில்லை. அதற்காக டவுனுக்கு அலைந்ததில் மூன்று நாள் பேர் போய்விட்டது.

இன்று இரவு வேலை முடிந்து வந்ததும், படிக்கிற பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துப் போனைத் திறந்து பாருங்கள். யாருடைய அட்டைகள் எல்லாம் அதில் இருக்கின்றன? யாருக்கெல்லாம் போயிருக்கின்றன? எண்ணிப் பார்த்து, தேவையில்லாததை அழியுங்கள். செய்யத் தெரியாவிட்டால் வெட்கப்படாமல் ஆபீசுக்கு வாருங்கள், சேர்ந்து செய்வோம்.