கடலடி மண்ணையும் அறிவோம்

புதுக் காணியில் கால் வைத்ததும் கமக்காரன் செய்வது ஒரு பிடி மண்ணை நனைத்துப் பிசைந்து பார்ப்பதுதான். திரி போல் உருண்டால் களி, உதிர்ந்தால் மணல். கடலடி மண்ணையும் மனிதர் ஏறக்குறைய இப்படித்தான் அறிந்து வந்தனர். பழைய மாலுமிகள் ஈயக் குண்டின் அடிக்குழியில் மாட்டுக் கொழுப்பை அப்பிக் கயிற்றில் இறக்குவார்கள். கயிறு ஆழத்தைக் காட்டும். கொழுப்பில் ஒட்டி வருவது மணலா, சேறா, சிப்பித் தூளா என்று பார்ப்பார்கள். ஒன்றும் ஒட்டாவிட்டால் பெரும்பாலும் பாறை.

இன்று கப்பலிலிருந்து ஒலி அலையை அனுப்பி எதிரொலியைப் பதிவு செய்கிறார்கள். பாறையும் பரலும் ஒலியைப் பலமாகத் திருப்பும். சேறு மெலிதாகத் திருப்பும். ஆயினும் எதிரொலியை மட்டும் நம்புவதில்லை. இடையிடையே இரும்புக் கவ்வியை இறக்கி மண்ணை அள்ளி, உலர்த்தி, அரித்துப் பருமன் பார்த்த பின்னரே வரைபடத்தில் குறிப்பார்கள். 2 மில்லிமீற்றர் முதல் 0.06 மில்லிமீற்றர் வரையுள்ளது மணல்.

கடலுக்குள் கிடக்கும் மண் நமக்கெதற்கு என்று கேட்கலாம். கரை மணலும் அதையடுத்த கடலடி மணலும் ஒரே களஞ்சியத்து நெல். புயற்காலத்தில் அலை கரை மணலை உள்ளே இழுக்கும். அமைதியான மாதங்களில் திருப்பித் தரும். நடுவில் அள்ளினால் கரை தேயும். மணற்கரைக் கிணறுகளின் நன்னீர் உப்புநீரின் மேல் மிதப்பது. கரை தேய்ந்தால் அதுவும் குறையும். நெதர்லாந்தில் கரைக்கு இடும் மணலை 20 மீற்றர் ஆழத்துக்கு அப்பாலிருந்தே எடுப்பது இதனால்தான்.

இந்தக் கணக்கைப் பார்க்காததால் ஓர் ஊரே அழிந்தது. இங்கிலாந்தின் டெவன் கரையில், ஹால்சான்ட்ஸ் என்னும் மீனவக் கிராமத்தின் முன் மணலுக்குப் பதிலாகப் பரற்கரை இருந்தது. பிளிமத்தில் கடற்படைத் துறை கட்டுவதற்காக 1897இல் கரையை ஒட்டிய கடலில் பரலை அள்ளத் தொடங்கினார்கள். அலை மீண்டும் நிரப்பிவிடும் என்பது அதிகாரிகளின் எண்ணம். அந்தப் பரலோ, பனியுகத்தின் பின் கடல் உயர்ந்தபோது ஒதுங்கிய பழைய சேமிப்பு. புதிதாகக் கொண்டுவர ஆறு எதுவும் இல்லை. ஊரவர் தொடக்கத்திலேயே முறையிட்டும், 1902இல் வேலை நின்றபோது ஏறக்குறைய 6,50,000 தொன் போயிருந்தது.

1917 ஜனவரி 26ஆம் திகதி இரவு, பெருக்கோடு சேர்ந்த புயல் வீடுகளை அடித்துச் சென்றது. உயிர்கள் தப்பின. எஞ்சிய வீட்டு வாசலில் நின்று கடலைப் பார்ப்பது எப்படியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இழப்பீட்டுக்காக அம்மக்கள் ஆண்டுக்கணக்கில் அலைந்தார்கள்.