ஆன்ம வழிகாட்டியைத் தெரிந்துகொள்ளுங்கள்



நோய் கண்டால் நல்ல வைத்தியரைத் தேடுகிறோம். காணித் தகராறு வந்தால் தகுந்த சட்டத்தரணியை விசாரிக்கிறோம். ஆன்மாவிலே குழப்பம் உண்டாகும்போதோ, அகப்பட்டவரிடம் ஆலோசனை கேட்டுவிடுகிறோம். இதனால் விளையும் தீங்கைப் புனித யோவன்னா சாந்தாலின் வாழ்வு காட்டுகிறது.

பிரான்சு தேசத்தவரான இவர், 1601ஆம் ஆண்டில் வேட்டையின்போது நேர்ந்த விபத்தினால் கணவரை இழந்தார். நான்கு பிள்ளைகளோடு துயருற்றிருந்தவருக்கு ஒரு குரு வழிகாட்ட முன்வந்தார். தமக்கே கீழ்ப்படியவேண்டும், தம்மை விட்டுப் பிரியக்கூடாது, தாம் சொல்வதை வெளியிடக்கூடாது, ஆன்ம காரியங்களை வேறெவரிடமும் பேசக்கூடாது என்று நான்கு வார்த்தைப்பாடுகளால் அவரைக் கட்டிவிட்டார். யோவன்னா மனச்சமாதானம் இழந்தார்.

1604ஆம் ஆண்டு தபசுகாலத்தில், டிஜோன் நகரில் ஜெனீவா ஆயர் புனித பிரான்சிஸ் சலேசியாரின் பிரசங்கங்களைக் கேட்டு, அவரிடம் தம் நிலையைத் திறந்து சொன்னார். ஆயர் அவசரப்படவில்லை. மாதக்கணக்காகச் செபித்து ஆராய்ந்த பின்னரே அவ்வார்த்தைப்பாடுகளிலிருந்து அவரை விடுவித்தார். தாய்க்குரிய கடமைகளை அன்போடு செய்யவும் கற்பித்தார். 1610இல் இருவரும் அன்னெசி நகரில் மினவுதல் சபையை நிறுவினர்.

ஆகவே, பயமுறுத்தி இரகசியம் கோருபவரை விட்டு விலகுங்கள். பொறுமையாய்க் கேட்டு, உங்கள் கடமையை நினைவூட்டி, இறைவனிடம் சேர்ப்பவரை நாடுங்கள். பெற்றோரே, இதனை உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். யாரிடம் போவதென்று தீர்மானிக்குமுன் பரிசுத்த ஆவியை மன்றாட மறவாதீர்கள்.