குழுவில் மாமா அனுப்பிய செய்தி

"கோயிலை உடைக்கிறாங்க, எல்லாருக்கும் அனுப்புங்க!" காலையிலேயே புலனத்தில் வந்துவிடும். பினாங்குக்காரர்களுக்கு இது விளையாட்டல்ல. 1998 மார்ச்சில் கம்போங் ராவாவில் கோயில்–பள்ளிவாசல் தகராறு மோதலாகவே முடிந்தது.

இப்படிப்பட்ட செய்தியோடு வரும் படத்தைக் கூகுளில் ஏற்றித் தேடுங்கள். பழைய படமென்றால் பல நேரம் அங்கேயே குட்டு வெளிப்படும். செபெனார்ன்யா என்ற உண்மை சரிபார்ப்புத் தளத்தையும் பாருங்கள். அது அரசாங்கத்துடையது என்பதால், அரசைப் பற்றிய செய்திக்கு வேறு ஊடகமும் தேவை. வெறுப்புப் பதிவு நிஜமானால் தேதி, கணக்குப் பெயர், இணைப்பு தெரியப் படமெடுத்து, மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்திடம் புகார் செய்யுங்கள். திட்டுவதற்காகக்கூடப் பகிராதீர்கள். மாமாவிடம் தனியாகப் பேசுங்கள்; குழுவில் மடக்கினால் வீம்புக்கு இன்னும் நாலு அனுப்புவார்.

கூடுதலாக ஈடுபட விரும்பினால், 1977இல் பினாங்கில் தொடங்கிய அலிரான் சீர்திருத்த இயக்கத்தை அணுகலாம்.